ஆறு மணிக்கு மேல் சொல்கிறேன்

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். லாரி நம்பரும் வாழைத்தார் எண்ணிக்கையும் எழுதிப் பழகிய கை இது. பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழையைப் பொறுத்துக்கொண்டால் போதும். மற்றதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நாங்குநேரிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் கூரை இறக்கிய அடுப்படி, அதில் ஒரு புறவாசல். இரண்டு அறைக்கும் நடுவே கதவு கிடையாது. ஒரு மர நிலைப்படி மட்டும் உண்டு, நடுப்படி என்போம். நானும் என் மனைவியும்தான். பிள்ளைகள் இல்லை.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு லாரி ஆபீசில் பதினாறு வருஷம் சுமை ஏற்றினேன். தொண்ணூற்று மூன்றில் முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. முதலாளி என்னை அனுப்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, ஒன் வீடு மெயின் ரோட்டுலதான இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்பம் நீ இனிமே இங்கன வராண்டாம். ஒன் வீடுதான் ஆபீசு. ஒரு போன் போட்டுத் தாரேன். ஏர்வாடி, களக்காட்டுப் பக்கம் எவன் எவன் தார் வெட்டுதான்னு கேட்டு எனக்குச் சொல்லு. நான் சொல்லுத தோட்டத்துக்கு லாரிக்காரனை அனுப்பு. சாய்ஞ்சு உக்காந்து செய்யுத வேலை. என்னலே?"

நான் ஆள் கூச்சப்படுகிறவன். நாலு பேர் நிற்கிற கடையில் எனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க மாட்டேன். கூட்டம் கலையட்டும் என்று நிற்பேன். போனில் பேச வேண்டும் என்றதும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனாலும் தலையை ஆட்டினேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் போன். கம்பி இழுத்த அன்றைக்கு ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். வீட்டிலிருந்தபடியே வேலை, இவனுக்கு வந்த யோகத்தைப் பார் என்றார்கள்.

முதல் மாதம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஜங்ஷனில் வேலை பார்த்தபோது பஸ்ஸை விட்டு இறங்கினால் வேலை முடிந்தது. இப்போது எங்கே இறங்குவது? சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். குளிக்கும்போது அடிக்கும். தோட்டக்காரர்கள் விடியும் முன்பே வந்து கதவைத் தட்டுவார்கள். இந்தப் பக்கம் வீடும் சும்மா இருக்கவில்லை. "சும்மாதான இருக்கிய, இந்த முருங்கைக்காயைப் பறிச்சுத் தாங்க" என்பாள் மனைவி. அதைப் பறிக்கக் கம்பைத் தூக்கும்போது அங்கே மணி அடிக்கும். ஓடி வந்து எடுத்தால் மூச்சு வாங்கும். "எங்கலே போய்த் தொலைஞ்ச?" என்று அண்ணாச்சி கேட்பார்.

ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது மணி விடாமல் அடித்தது. அவள் போய் எடுத்துவிட்டாள். அண்ணாச்சி வாய் கெட்ட மனுஷன். "யாருட்டி நீ? அவன் எங்க? ஒன் முந்தானைக்குள்ள கெடக்கானா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு மேலும் கேட்டிருக்கிறார். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் ஈரத்துண்டோடு வந்தபோது போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. வாங்கி வைத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக ரோஷம் வந்தது. மறுநாள் போனில், முகம் தெரியாத தைரியத்தில், அண்ணாச்சியிடம் சொன்னேன்: "காலைல எட்டு மணிலருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நான் இங்கனயே இருப்பேன், அண்ணாச்சி. எந்திரிக்க மாட்டேன். ஆறு மணிக்கு மேல என்னைக் கூப்பிடாதிய."

அவர் சிரித்தார். "நாக்கு மொளைச்சிருச்சு போலுக்கே. சரிலே. ஆறு மணிக்கு மேல கூப்பிட மாட்டேன், ஜங்ஷன்ல ஆள் பாத்துக்கிடும். ஆனா ஒண்ணு. எட்டுலருந்து ஆறு வரைக்கும் ஒன் வீட்டுச் சத்தம் ஒண்ணு, ஒரே ஒண்ணு, என் காதுல விழுந்துச்சுன்னு வையி, அன்னைக்கே போனைப் புடுங்கிருவேன்."

என் வாழ்நாளில் நான் பேசி ஜெயித்தது அது ஒன்றுதான். ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் வீட்டுக்குள் வராது. அதற்கு முன்னால் வீடு ஆபீசுக்குள் வரக்கூடாது. இந்த ஒப்பந்தத்தை என் மனைவிக்காகத்தான் போட்டேன். அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு நான் செய்த எதுவும் அவளுக்காகச் செய்ததில்லை.

முன்னறையில் நான் செருப்பு போட ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்குள் யாரும் செருப்பு போட மாட்டார்கள். ஒருநாள் ரோட்டிலிருந்து செருப்போடு ஓடி வந்து போனை எடுத்தேன். அன்றைக்குக் குரல் நடுங்காமல் வந்தது. காலில் செருப்பு இருந்தால் நான் வேறு ஆள் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதிலிருந்து எட்டு மணிக்குச் சட்டை போட்டுச் செருப்பு மாட்டினால் ஆபீஸ்; ஆறு மணிக்குக் கழற்றிக் கால் கழுவினால் வீடு. தார் வெட்டுகிறவர்கள் என் காலைப் பார்ப்பார்கள். "அண்ணனுக்கு வெளியூர்ப் பயணமோ?" என்று ஒரு டிரைவர் கேட்டான். கூட இருந்தவன், "ஆமாவே, அடுப்படிக்குப் போறாரு" என்றான். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. செருப்பு போட்டிருந்தேன்.

சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டிலிருந்து ஆறு வரை அவள் நடுப்படியைத் தாண்டக்கூடாது. தண்ணீர் எடுக்கப் போனால் புறவாசல் வழியாகப் போய், மூன்று வீட்டுக் கொல்லையைச் சுற்றித் தெருக்குழாய்க்கு வர வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்வாசலைத் தாண்டித்தான் போவாள். நான் பார்க்க மாட்டேன். அம்மியில் அரைப்பது, இடிப்பது எல்லாம் எட்டு மணிக்குள். ஒரு மணிக்குத் தட்டை நடுப்படியில் வைத்துவிட்டுப் போக வேண்டும், பேசக்கூடாது. படியில் வைத்து எதையும் கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது என்று பெண்கள் சொல்வார்கள். அவளும் சொன்னாள். "அது வீட்டுக்கு. இது ஆபீசு" என்றேன். ஒருதரம் கையில் அரிவாள்மணை வெட்டி, துணியைச் சுற்றிக்கொண்டு படியோரம் வந்து நின்றாள். நான் மணியைப் பார்த்தேன். நாலரை. அவளும் மணியைப் பார்த்தாள். போய்விட்டாள். ஆறு மணிக்குக் கால் கழுவிவிட்டு வந்து நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். நன்றாகத்தான் கட்டினேன். ஆறு மணிக்கு மேல் நான் நல்லவன்.

தெருவில் யாரையும் போன் பேச விட்டதில்லை. நம்பரை மட்டும் அவள் எனக்குத் தெரியாமல் தன் தம்பிக்குக் கொடுத்திருந்தாள். அவள் பிறந்த ஊர் பத்தமடையைத் தாண்டி, ஆற்றங்கரையில். அங்கே அவளுடைய தகப்பனாரும் தம்பியும் இருந்தார்கள். தகப்பனாரை அவள் அய்யா என்று சொல்வாள். தாய் இல்லாமல் அய்யா கையில் சோறு தின்று வளர்ந்தவள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

தொண்ணூற்றாறு தை பிறக்க நாலு நாள் இருந்தது. பொங்கலுக்கு வாழைத்தார் அடித்துப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. ஏழு லாரி ஓடியது. அண்ணாச்சி அரைமணிக்கொரு தரம் கூப்பிட்டார். பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. அவர்தான் என்று எடுத்தேன். என் மைத்துனன்.

"அத்தான், நாந்தான். அய்யாவுக்கு ரொம்ப முடியல. அக்காவைக் கூட்டிக்கிட்டு ஒடனே வாங்க."

"இது ஆபீஸ் போன்லா. ஆறு மணிக்கு மேல கூப்பிடு."

"வெளங்குதா அத்தான்? ஒடனே வரணும்."

"வெளங்குது. ஆறு மணிக்கு மேல சொல்லுதேன்."

அவன் பக்கத்தில் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தி, "அஞ்சு மணிக்குள்ள வந்திருங்க, அத்தான்" என்றான். நான் வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் போனில் யாரும் இறந்துபோனார் என்று சொல்ல மாட்டார்கள். ரொம்ப முடியவில்லை, உடனே வா என்பார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் பஸ்ஸிலேயே உடைந்துவிடக் கூடாது என்பதற்காக. இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. நோயாளிக்கு யாரும் மணி குறிப்பதில்லை. ஐந்து மணி என்றால், பொழுது இறங்குவதற்குள் எடுத்துவிடுவார்கள், அதற்குள் மகள் வந்து முகம் பார்த்து வாய்க்கரிசி போட வேண்டும் என்று அர்த்தம். போனை வைக்கும்போதே எனக்கு அது விளங்கிவிட்டது.

அடுப்படியிலிருந்து அவள் நடுப்படி வரைக்கும் வந்து நின்றாள். ஆறு மணி என்று நான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். அண்ணாச்சியிடம் நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

"போன்ல யாருங்க?"

"ஆபீசு."

"தம்பின்னு நெனைச்சேன். நாளைக்குப் பொங்கப்படி கொண்டாருவான்லா. அய்யாவும் கூட வாரேன்னாங்க."

பொங்கல்படி என்றால் பிறந்த வீட்டுச் சீர், வருஷா வருஷம் தம்பிதான் கொண்டு வருவான். நான் நோட்டைப் புரட்டினேன். அவள் போய்விட்டாள். கொல்லையில் சுண்டைக்காய் காயப் போட்டிருந்தாள். அய்யாவுக்குச் சுண்டை வத்தல் என்றால் உயிர். காக்காயை விரட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் விரட்டினாள், ஆபீஸ் நேரம் என்பதால்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கை காட்டினால் நிற்கும். ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். எப்படியும் இரண்டரை மணி நேரம். ஐந்து மணிக்குப் போய்ச் சேர இரண்டு மணி பஸ்தான் கடைசி. பதினொன்றே முக்கால் பஸ் போனது. உட்கார்ந்தே இருந்தேன்.

நினைத்தது இதுதான். சொன்னால் அவள் சத்தம் போட்டு அழுவாள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாலும் அழுவாள், அந்தப் பேச்சு அவளுக்கு மட்டும் விளங்காதா? ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டால் தெருவே ஓடி வந்துவிடும். முன்னறையில்தான் வந்து உட்காருவார்கள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அந்த நேரத்தில் போன் அடிக்கும். ஒரே ஒரு சத்தம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

பன்னிரண்டரைக்கு அவர் கூப்பிட்டார். லாரி விவரம் சொல்லி முடித்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் லீவு வேணும். வீட்டுல ஒரு காரியம்" என்றேன்.

"வீட்டுலயா?" என்றார். "நீ வீட்டுலதானலே இருக்க?"

ஆமாம், அண்ணாச்சி என்றேன்.

"வீட்டுல இருக்கவனுக்கு எதுக்குலே லீவு? ஜங்ஷன்ல கெடக்கவன் கேட்டா நாயம். ஏர்வாடி வண்டி என்னாச்சு, அதச் சொல்லு."

சொன்னேன். அதோடு பன்னிரண்டரை பஸ்ஸும் போய்விட்டது. அண்ணாச்சி லீவு தரவில்லை என்று இதில் எழுதி முடித்துக்கொள்ளலாம். படிக்கிறவர்களுக்கு என்மேல் இரக்கம் வரும். ஆனால் எனக்குத்தான் லீவு வேண்டும், அவளுக்கு யாரிடம் லீவு கேட்க வேண்டும்? அவள் தனியாகப் போகத் தெரிந்தவள். கையில் ஒரு பையைக் கொடுத்துப் புறவாசல் வழியாக அனுப்பியிருந்தால் போதும். ஒன்றேகால் பஸ்ஸிலாவது போயிருப்பாள்.

ஒரு மணிக்குத் தட்டு வந்தது. கத்திரிக்காய்க் கூட்டு. படியில் வைத்துவிட்டு, பேசக்கூடாது என்பதால் ஒரு வத்தலைத் தூக்கிக் காட்டினாள். நன்றாகக் காய்ந்துவிட்டதாம். நான் தலையை ஆட்டினேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ஒன்றேகால் பஸ் போனது. இரண்டு மணி பஸ் இரண்டு பத்துக்கு வந்தது. வாசலில் ஓர் ஆள் இறங்கினான். அதனால் கொஞ்ச நேரம் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், ஏறுகிற ஆளா என்று. நான் இல்லை என்று கையை அசைத்தேன்.

அந்த பஸ் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆனது. இனிமேல் முடிவெடுக்க ஒன்றும் இல்லை என்கிற நிம்மதி. கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஜங்ஷனில் எவனாலும் இப்படி இருக்க முடியாது என்று நினைத்தேன். ஐந்து மணி அடித்தபோது ஒரு டிரைவருக்குத் தோட்டத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்குச் செருப்பைக் கழற்றினேன். கால் கழுவினேன். பின்னறைக்குப் போய், "அய்யாவுக்கு முடியலையாம். தம்பி போன் பண்ணுனான்" என்றேன்.

விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது. "எப்பம்?"

"பதினோரு மணிக்கு."

அவள் நடுப்படிக்கு வந்து, அங்கிருந்தே முன்னறைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஏழு. அழவில்லை. எந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தேனோ அந்தச் சத்தம் வரவே இல்லை. சேலை மாற்றினாள். வத்தலைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

நாங்கள் போனபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் ஈரம். கூடத்தில் தலைமாடு இருந்த இடத்தில் ஒரு விளக்கு. அவளுடைய அத்தை ஒருத்தி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வா தாயி. அப்பன அனுப்பி வச்சுட்டு வெந்நீரும் போட்டு வச்சிருக்கு, குளிக்கியா?"

"ஆறு மணிக்குத்தான் ஆபீஸ் முடிஞ்சுது" என்றாள் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஆபீசு வீட்டுக்குள்ளயே இருக்குல்லா, அதான் வெளிய வர வழி தெரியல" என்றார் ஒரு கிழவர். யாரும் சிரிக்கவில்லை.

மைத்துனன் மொட்டைத்தலையோடு வந்து என் முன்னால் நின்றான். "அஞ்சு மணிக்குள்ள வரணும்னு சொன்னேம்லா, அத்தான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை கண்களை நான் எப்போதும் தாங்கியதில்லை. காலில் செருப்பும் இல்லை. "சொல்லலையே" என்றேன். "முடியலன்னுதான் சொன்ன."

"அத்தான், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க."

"மணி ஒண்ணும் சொல்லல."

அவன் என்னைப் பார்த்து ஓர் எட்டு வைத்தான். அவள் நடுவில் வந்தாள். "அவுக பொய் சொல்லுத ஆளு இல்ல. நாலு பேரு முன்னால வாயே தொறக்க மாட்டாக. நீதான் பதட்டத்துல சொல்லாம விட்டிருப்ப."

"அப்பம் நான் பொய் சொல்லுதேனா? அய்யா சாவுல நான் பொய் சொல்லுவேனா அக்கா?"

"எனக்குத் தெரியாது. அவுக சொல்லலங்காக."

"நீ போய் அந்த ஆபீசுக்கே அக்காளா இரு" என்றான் அவன். நான் விடியும் முன்பே ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன்; அவள் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இருந்தாள். அதற்கு மேல் அவன் வரவில்லை, இவள் போகவில்லை. அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பொங்கல்படி வந்ததில்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். அதை எனக்காக ஊர் முன்னால் கொளுத்திவிட்டு வந்தாள்.

அவள் திரும்பி வந்த அன்றைக்குச் சாயங்காலம், நான் கால் கழுவிவிட்டு வந்த பிறகு கேட்டாள். "தம்பி அஞ்சு மணின்னு சொன்னானா?"

"சொல்லல."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் முன்னறைக்கு வரவே இல்லை. ஆபீஸ் நேரத்தில் மட்டுமில்லை. ஆறு மணிக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமையும். தீபாவளிக்கு முன்வாசலில் கோலம் போடப் புறவாசல் வழியாகச் சுற்றி வந்தாள். முன்னறையை நானே பெருக்கினேன். ஆறு மணிக்கு மேல் பின்னறையில் சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜங்ஷன் ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஆள் என்னிடம் பேசுவதைப் போலப் பேசினாள்.

தொண்ணூற்றேழு சித்திரையில், ஒருநாள் காலை பத்து மணிக்கு, கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. நாற்காலியோடு சரிந்து தரையில் விழுந்தேன். அசைய முடியவில்லை. மூச்சு விட்டாலே குத்தியது. "ஏளா, ஏளா" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். நடுப்படிக்கு அந்தப் பக்கம், கால் விரல் கூடப் படியில் படாமல் நின்றாள். நான் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"ஆறு மணி ஆகட்டும்" என்றாள்.

"ஏளா, உசிரு போகுது."

உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து படியில் வைத்தாள். என் கைக்கும் செம்புக்கும் நாலு முழம் இருக்கும். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே மணி அடிக்க ஆரம்பித்தது.

"போன் அடிக்குது" என்றாள். போய்விட்டாள்.

அந்த நாலு முழத்தை நான் ஊர்ந்து கடக்க நேரமாயிற்று. எவ்வளவு நேரம் என்று பார்க்க முடியவில்லை. கடிகாரம் முதுகுப் பக்கம் இருந்தது. செருப்பு காலிலேயே இருந்தது. லாரிக்காரன் எவனாவது வருவான் என்று பார்த்தேன். அன்றைக்கென்று யாரும் வரவில்லை. அடுப்படியில் அவள் தாளிக்கிற சத்தம் கேட்டது. ஒரு மணிக்குத் தட்டு வந்தது. செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அழுதேன். அவள் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வத்தல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

சரியாக ஆறு மணிக்கு வந்தாள். படியைத் தாண்டவில்லை, அங்கிருந்தே என் கையைப் பிடித்துப் பின்னறைக்குள் இழுத்தாள். செருப்பைக் கழற்றி முன்னறைக்குள் எறிந்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லி ஆட்டோ வரவழைத்து, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஒன்பது நாள் கூடவே கிடந்து பார்த்தாள். மூத்திரச் சட்டியை அவள்தான் எடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரர், "கொடுத்து வச்சவரு வே நீரு" என்றார்.

ஒன்பது நாள் போனை யாரும் எடுக்காததால் அண்ணாச்சி வேறு ஏற்பாடு செய்துவிட்டார். ரோட்டு முக்கில் புதிதாகப் போன் கடை வைத்தவன் அந்த வேலையைப் பார்க்க ஒத்துக்கொண்டான். கம்பியைக் கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் கூப்பிட்டார். "ஏலே, நாளையிலருந்து நீ ஆபீசுக்கு வராண்டாம்." சரி அண்ணாச்சி என்றேன். என் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன்.

அன்றைக்குச் செருப்பை வாசலுக்கு வெளியே விட்டேன். "இனிமே ஆபீசு இல்ல. முன்னால வா, காத்தாட உக்காரு" என்றேன். "அது ஒங்க எடம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கடிகாரம் மட்டும் இன்னும் ஓடுகிறது. ஒரு மணிக்குத் தட்டு நடுப்படிக்கு வருகிறது. போன் இருந்த இடத்தில் ஒரு சதுரமாகச் சுவர் வெள்ளையாக இருக்கிறது.

போன வாரம் அவளுடைய தம்பி மகளுக்கு வயசுக்கு வந்த சடங்கு என்று ஊரிலிருந்து வந்த ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள். எங்களுக்கு அழைப்பு இல்லை. என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் பொறுக்கிய கல்லை மறுபடி அரிசியிலேயே போட்டாள்.

அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். என் எழுத்தை அவளால் வாசிக்க முடியும். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. மூன்றரை வருஷமாக ஆறு மணிக்கு மேல், ஆறு மணிக்கு மேல் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். அதனால் இந்த நோட்டை எழுதி முடித்ததும் நடுப்படியில் வைக்கப் போகிறேன். சாயங்காலம் வரைக்கும் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன், இப்போதே. மணி பத்தே கால்தான் ஆகிறது. அவள் தம்பி வீட்டுக்குப் போக வேண்டுமானால், இரண்டு மணிக்குள் திருநெல்வேலி போகிற பஸ் இன்னும் நாலைந்து இருக்கிறது. அவளுக்கு மட்டும் தெரிய வேண்டியது ஒரே வரி.

தம்பி சொன்னான். அஞ்சு மணிக்குள்ள வரணும் என்று சொன்னான். எனக்கு நன்றாகக் கேட்டது.

29-9-1999, புதன்கிழமை.